மலையக வாக்கும் இடதுசாரிகளின் வெற்றியும்

இடதுசாரித் தலைவர் ஒருவர் பொதுத்தேர்தலில் வென்று நாட்டை ஆள இயலுமா? இலங்கையில் இவ்வினாவிற்கான விடை கொழும்பு மேடைகளில் மட்டும் எழுதப்பட்டதன்று. அட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலும் அது எழுதப்பட்டது.

1935-ஆம் ஆண்டில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1937-இல் பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளைக்கார இளைஞர், நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அரசு அவரை நாடுகடத்த ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1940-இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். இடதுசாரிகளுக்கும் லயத்து மக்களுக்கும் இடையே உறவு வளர்ந்தது இவ்வாறே.

1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவ்வுறவின் பயன் தெரிந்தது. தெரிவு செய்யப்பட்ட 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 42-ஐப் பெற்றது. சமசமாஜக் கட்சி 10, போல்ஷெவிக் லெனினிஸ்டுகள் 5, கம்யூனிஸ்டுகள் 3 என இடதுசாரிகள் 18 ஆசனங்களைப் பெற்றனர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் தொண்டமானும், தலவாக்கொல்லையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர். வேறு சில தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. அவ்வணி அன்றே ஆட்சி அமைத்திருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், வளரக்கூடிய அணி அது.

வளர்வதற்கு இடம் தரப்படவில்லை. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. இடதுசாரிகள் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தனர். ஆனால் 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்ப முடிவு செய்தபோது, சமசமாஜக் கட்சி ஆட்சியில் பங்காளியாக இருந்தது. 1965-இல் பிறந்த மக்கள் விடுதலை முன்னணியோ, தன் தொடக்கக்கால வகுப்புகளில் இம்மக்களை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவிகள் என்று போதித்தது. வாக்கில்லாத மக்களை நண்பரும் மறந்தனர்.

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கின. 2024 செப்டெம்பரில் அதே முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். நுவரெலியா மாவட்டம் அவருக்கு மூன்றாம் இடமே தந்தது. பழைய போதனை மறக்கப்பட்டிருக்கவில்லை போலும். எனினும் இரண்டே மாதங்களில், நவம்பர் பொதுத்தேர்தலில், அவரது தேசிய மக்கள் சக்தி நாடெங்கும் 225-இல் 159 ஆசனங்களையும், நுவரெலியாவில் 8-இல் 5-ஐயும் பெற்றது.

ஆக, வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. இடதுசாரித் தலைவர் வெல்ல இயலும். ஆனால் தோட்டத்து வாக்கு இலவசமாகத் தரப்பட்டதன்று. சொந்த நிலமும், தனி வீடும், போதிய கூலியும் அதன் விலை. பறிக்கப்பட்ட வாக்கிற்காகத் தலைமுறைகள் காத்திருந்த மக்கள், அந்த விலையைக் கேட்க மறக்கமாட்டார்கள்.