இருட்டைத் தேடிப் பாலைவனத்துக்குப் போனவர்கள்

வெளிச்சத்தைத் தேடி மனிதன் அலைந்த கதைகள் நிறைய உண்டு. இருட்டைத் தேடிப் போனவர்களின் கதை தெரியுமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 220 கிலோமீட்டர் போனால், மொஹாவி பாலைவனத்தில் ட்வென்டிநைன் பாம்ஸ் என்ற சிற்றூர் வரும். அதைச் சுற்றியுள்ள மணல்வெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னஞ்சிறு வீடுகள் நிற்கின்றன. சில கூரை பறந்து பாழடைந்து கிடக்கின்றன, சில புதுப்பிக்கப்பட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ராத்திரி வாசல் திண்ணையில் நாற்காலியைப் போட்டு அண்ணாந்து நட்சத்திரம் பார்ப்பதற்காகவே ஜனங்கள் பணம் கொடுத்து அங்கே வந்து தங்குகிறார்கள்!

இத்தனைக்கும் அது இலவசமாகக் கிடைக்கும் வானம்தான். அதற்கு எப்படி இவ்வளவு கிராக்கி வந்தது? அதற்குப் பின்னால் சுமார் நூறு வருட வரலாறு இருக்கிறது.

ஐந்து ஏக்கர் கனவு

முதல் உலகப்போரில் விஷவாயுவால் நுரையீரல் கெட்டுப்போன சிப்பாய்கள் பலர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சிகிச்சைக்கு வந்தார்கள். ஜேம்ஸ் லக்கி என்ற டாக்டர் 1920களில் அவர்களை ட்வென்டிநைன் பாம்ஸுக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்த வறண்ட, தூசியில்லாத காற்றுதான் அவர் எழுதிக் கொடுத்த மருந்து. அப்படித்தான் அந்த ஊரில் குடியேற்றம் சூடுபிடித்தது.

1938ல் அமெரிக்க அரசு 'சிறு நிலச் சட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. விவசாயத்துக்கு உதவாத அரசு நிலத்தை ஆளுக்கு 5 ஏக்கர் வரை கொடுக்கலாம் என்பது சட்டத்தின் சாரம். வீடு கட்டலாம், உடம்பு தேறத் தங்கலாம், ஓய்வு எடுக்கலாம், சின்ன வியாபாரம்கூட நடத்தலாம். ஒரு சிறு வீட்டைக் கட்டி முடித்தால் நிலத்தைக் குறைந்த விலைக்குச் சொந்தமாக்கிக் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸின் நடுத்தர வர்க்கத்தினர் இந்தத் திட்டத்தை நோக்கி ஓடினார்கள். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, பல இடங்களில் ஒழுங்கான பாதைகூட இல்லை. காட்டு முயல்களைத் தவிர வேறு யாரும் குடியிருக்காத இடம் என்பதால் 'முயல் மனை' என்று அதற்குச் செல்லப்பெயர் வந்தது. இருந்தும் வார இறுதியில் காரில் பலகையும் ஆணியும் ஏற்றிக்கொண்டு போய்த் தாங்களாகவே வீடு கட்டினார்கள். 1976ல் இந்தச் சட்டம் ரத்தானது. வீடுகள் மட்டும் நின்றுவிட்டன.

அவர்கள் நட்சத்திரம் பார்க்க மட்டுமே போனார்கள் என்று சொல்ல முடியாது. அமைதி, நல்ல காற்று, சொந்த நிலம் என்று ஆசைகள் பல. ஆனால் மின்சாரம் இல்லாத வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு, ஊரில் தொலைத்த ஒன்று தலைக்கு மேலே கிடைத்தது.

நகரம் தொலைத்த வானம்

எப்படித் தொலைத்தார்கள்? லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய வில்சன் மலையைப் பார்த்தால் புரியும். அங்கே 1917ல் 100 அங்குலத் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. அப்போது உலகிலேயே பெரியது அதுதான். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் அதன் வழியாக ஆண்ட்ரோமெடாவில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்து தூரத்தைக் கணக்கிட்டபோது, ஆண்ட்ரோமெடா நமது பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி நட்சத்திர மண்டலம் என்பது நிரூபணமானது. பிரபஞ்சம் நாம் நினைத்ததைவிடப் பல மடங்கு பெரியது என்று உலகத்துக்குச் சொன்னது இந்த மலைதான்.

ஆனால் மலையடிவாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1900ல் சுமார் 1 லட்சமாக இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள்தொகை 1930ல் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தெருவிளக்கு, கடை விளக்கு, விளம்பர விளக்கு என்று ஊரே ஜொலித்தது. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறித் திரும்பி வரும்போது, வானம் முழுக்க ஒரு வெளிறிய திரை விழுகிறது. நட்சத்திரங்கள் அணைந்து போகவில்லை, திரைக்குப் பின்னால் போய்விட்டன. அவ்வளவுதான். அடுத்த பெரிய தொலைநோக்கியான 200 அங்குலத்துக்கு இடம் தேடியபோது, நகர வெளிச்சத்துக்குத் தப்பித் தெற்கே பாலோமர் மலைக்குப் போக வேண்டியதாயிற்று.

நடுவில் ஒரு விசித்திரம் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் எதிரிகளின் தாக்குதலுக்குப் பயந்து லாஸ் ஏஞ்சல்ஸில் விளக்குகளைக் குறைத்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகள் பலர் போர்ப் பணிக்குப் போய்விட்டார்கள். வால்டர் பாடே என்பவர் ஜெர்மன்காரர் என்பதால் அவரை அந்த வேலைக்குச் சேர்க்கவில்லை. இருண்ட ஊர், காலியான தொலைநோக்கி, கையில் வேண்டிய நேரம்! ஆண்ட்ரோமெடாவின் மையப் பகுதியில் அதுவரை வெறும் புகை மாதிரித் தெரிந்ததை அவர் தனித்தனி நட்சத்திரங்களாகப் படம் பிடித்தார். நட்சத்திரங்களில் இளையவை, முதியவை என்று இரண்டு பெரும் கூட்டங்கள் உண்டு என்ற அவரது கண்டுபிடிப்பு 1944ல் வெளியானது.

போர் முடிந்தது, விளக்குகள் திரும்ப எரிந்தன. 1985ல் அந்த 100 அங்குலத் தொலைநோக்கியையே மூடிவிட்டார்கள். நகர வெளிச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிற்பாடு 1990களில் அதைத் திரும்ப இயக்கினார்கள் என்றாலும், மங்கலான மண்டலங்களை ஆராய்ந்த அந்தப் பழைய காலம் திரும்பவில்லை.

விளக்குக்கு ஒரு சட்டம்

லாஸ் ஏஞ்சல்ஸ் செய்யத் தவறியதைப் பக்கத்து மாநிலமான அரிசோனாவில் ஒரு சிறிய ஊர் செய்தது. அதன் பெயர் ஃபிளாக்ஸ்டாஃப். 1894ல் லோவெல் வானாய்வகம் அங்கேதான் தொடங்கப்பட்டது. 1930ல் கிளைட் டாம்பா என்ற 24 வயது இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். 1955ல் அமெரிக்கக் கடற்படையின் வானாய்வு நிலையம் ஒன்றும் அந்த ஊருக்கு வந்தது.

அந்த நாட்களில் கடை திறப்பு விழா, கார் விற்பனை என்றால் வானத்தைத் துழாவும் பெரிய ஒளிக்கற்றை விளக்கைச் சுழலவிட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள். 1958ல் ஃபிளாக்ஸ்டாஃப் நகராட்சி இந்த விளம்பர விளக்குகளுக்குத் தடை போட்டது. வானத்தை இருட்டாக வைத்திருப்பதற்காக ஒரு ஊர் போட்ட முதல் சட்டம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதே அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் இருக்கும் டூசான் நகரம் 1972ல் வெளிவிளக்குகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. பக்கத்தில் கிட் பீக் மலையில் தேசிய வானாய்வகம் இருந்ததே காரணம். அங்கே வேலை பார்த்த டேவிட் கிராஃபோர்டும், டிம் ஹன்டர் என்ற வானியல் ஆர்வலரான மருத்துவரும் சேர்ந்து 1988ல் டூசானில் சர்வதேச இருண்ட வான் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 2001ல் அந்தச் சங்கம் உலகின் முதல் 'இருண்ட வான் நகரம்' என்று ஃபிளாக்ஸ்டாஃபுக்கு அங்கீகாரம் கொடுத்தது.

இருண்ட வான் நகரம் என்றால் விளக்கே இல்லாத நகரம் என்று நினைத்துவிடக் கூடாது. விளக்குக்கு மேலே மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்ப வேண்டும், தேவையான அளவுக்கு மேல் பிரகாசம் கூடாது, நீல வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் சாயல் விளக்கு போட வேண்டும். நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும் என்பதுதான் கடைசி விதிக்குக் காரணம். டூசான் நகரம் 2016, 2017ல் சுமார் 18,000 தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியது. பளீரென்று போடாமல் குறைத்தே வைத்ததால், தெருவிளக்குகளின் மொத்த வெளிச்சம் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மின்கட்டணமும் மிச்சம். வணிகக் கணக்கில் இப்படி இரண்டு பக்கமும் வரவாக முடிவது அபூர்வம்!

திண்ணைக்கு வந்த வெளிச்சம்

திரும்ப மொஹாவிக்கு வருவோம். அங்குள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு 2017ல் இருண்ட வான் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2021ல் பூங்காவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பழைய முயல் மனைகளுக்கு மவுசு வந்தது. புதுப்பித்தவர்கள் அழகுக்காகத் தோட்டம் முழுக்கச் சர விளக்கு கட்டினார்கள், பயத்துக்காகச் சுற்றிலும் பெரிய பல்ப் போட்டார்கள். இருட்டை விற்கிற வீடுகளே பக்கத்து வீட்டின் இருட்டைத் தின்றன! கடைசியில், அடுத்தவர் நிலத்துக்குள் வெளிச்சம் பாயக் கூடாது என்று 2021ல் சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகம் விதி கொண்டுவந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததுதான் சின்ன அளவில் இங்கேயும் நடந்தது. தப்பித்துப் போனவர்கள் கையோடு பல்பையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இருட்டு என்பது யார் கணக்கிலும் சொத்தாக எழுதப்படாத பொருள். தொலைத்தாலும் யாருக்கும் பில் வருவதில்லை. ஆகவே தூரமாகப் போவதால் மட்டும் அது கிடைத்துவிடாது. விதி போட்டுக் காத்த ஊர்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

மிஞ்சியிருப்பதும் வேகமாகக் கரைகிறது. சாதாரண மக்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023ல் ஓர் ஆய்வு வெளியானது. 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் ஏறியிருக்கிறது. இதே வேகத்தில் போனால், 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதாகும்போது சுமார் 100 மட்டுமே தெரியும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹன்லே, 2022ல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராமத்து மக்களுக்கே தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்து வானத்தைக் காட்டி வருமானம் பார்க்கிறார்கள். இருட்டைக் காப்பதில் அவர்களுக்கும் லாபம் என்பதால் அது அரசாங்கத்தின் வேலையாக மட்டும் நின்றுவிடவில்லை.

ஹபிளும் பாடேவும் பார்த்த அதே ஆண்ட்ரோமெடாவைப் பாலைவனத் திண்ணையிலிருந்து தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம், ஒரு மங்கலான வெள்ளைத் திட்டாகத் தெரியும். அங்கிருந்து புறப்பட்ட ஒளி சுமார் 25 லட்சம் வருடங்கள் பயணம் செய்து இங்கே வருகிறது. அவ்வளவு தூரம் தடையில்லாமல் வந்த ஒளியை, கடைசி நொடியில் கண்ணுக்கு எட்டாமல் செய்துவிட எதிர்வீட்டு வாசல் பல்ப் ஒன்று போதும். ஆனால் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கெட்டுப்போன ஆற்றைச் சுத்தம் செய்யப் பல வருடங்கள் ஆகும். கெட்டுப்போன வானத்துக்கு அந்த பல்பை அணைத்தால் போதும், அது அந்த நொடியே திரும்பி வந்துவிடும்.