19-ஆம் மாதிரி

1975-ல் லண்டனில் யுவோன் கொசார்ட் என்ற வைரஸ் ஆய்வாளர், ஹெபடைடிஸ் பி கிருமிக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்துக் கொண்டிருந்தார். 'பி' வரிசையில் 19-ஆம் மாதிரி மட்டும் குழப்பியது. உள்ளே இருந்தது வேறொரு வைரஸ்! அந்த எண்ணே பெயராகி விட்டது: பார்வோவைரஸ் பி19.

அது என்ன நோய் தரும் என்று சில வருடங்கள் பிடிபடவில்லை. 1981-ல்தான் விடை வந்தது. லண்டனில், அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைகள் சிலர் திடீரென்று ரத்தம் குறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் இதே வைரஸ்.

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்தான் எல்லா ரத்த அணுக்களுக்கும் தாய். பி19 குறி வைப்பது அந்தத் தாயை அல்ல, சிவப்பணுவாக மாறப் புறப்பட்ட பிள்ளைகளை. தொற்றுவதற்கு அதற்கு பி ஆன்டிஜென் தேவை என்று 1993-ல் தெரிந்தது.

சுமார் ஒரு வாரம் உற்பத்தி நின்றுவிடும். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழ்வதால், கையிருப்பை வைத்து உடம்பு சமாளித்துக் கொள்ளும். அரிவாள் செல்லுக்கோ ஆயுள் 10, 20 நாள்தான். வரவு நின்ற கடையில் செலவு மட்டும் ஓடினால் என்ன ஆகும்? அதே கதிதான் (வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்!).

எதிர்ப்பு சக்தி உருவானதும் மஜ்ஜை மறுபடி வேலையைத் தொடங்கும். அந்த ஒரு வாரத்தைக் கடக்க, பெரும்பாலான குழந்தைகளுக்கு யாரோ கொடுத்த ரத்தம் தேவைப்படுகிறது.