எண்ணெய்க்கு முந்திய எட்டு நாள்: ஹனுக்கா விழாவின் தோற்றம்

ஒரு நாளைக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது, அதனால்தான் ஹனுக்கா எட்டு நாள் விழா என்பது இன்று யூதக் குழந்தைகள் முதலில் கேட்கும் கதை. ஆனால் எருசலேம் ஆலயம் மீட்கப்பட்ட காலத்தை ஒட்டிய எந்த நூலிலும் இந்த எண்ணெய்க் குப்பி இல்லை. எட்டு நாள் வழக்கம் முந்தியது, எண்ணெய் பிந்தியது.

கி.மு. 175இல் செலூக்கிய அரசனான நான்காம் அந்தியோக்குவிடம் பணம் கொடுத்துத் தலைமைக் குரு பதவியைப் பெற்ற யாசோன், எருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக் கூடம் கட்டினான். பிறகு அவனைவிட அதிகத் தொகை பேசி மெனலா அந்தப் பதவியைப் பறித்தான். கி.மு. 167இல் விருத்தசேதனமும் ஓய்வுநாளும் தடை செய்யப்பட்டன. ஆலயப் பீடத்தின்மேல் அந்நியப் பீடம் எழுந்தது. தடைக்குத் தூண்டுகோல் மெனலாவின் தரப்பே என்றார் வரலாற்றாசிரியர் எலியாஸ் பிக்கர்மன். கலகம் முதலில் வெடித்தது, தடை அதற்குப் பதிலடி என்றார் இன்னொரு வரலாற்றாசிரியர் விக்டர் செரிக்கோவர். யார் சொன்னது சரியானாலும், வெறும் அந்நியக் கொடுமை என்று இதை முடித்துவிட முடியாது. பாதி உள்வீட்டுச் சண்டை.

மோதீன் ஊர்க் குரு மத்தத்தியா தொடங்கிய கலகத்தை அவர் மகன் யூதா மக்கபே நடத்தி, கி.மு. 164இல் ஆலயத்தைக் கைப்பற்றினார். அங்கே எழுந்த சிக்கலை மக்கபேயர் முதல் நூல் விரிவாகச் சொல்கிறது. தீட்டுப்பட்ட பலிபீடக் கற்களை என்ன செய்வது? பயன்படுத்தவும் முடியாது, எறியவும் மனம் வரவில்லை. இறைவாக்கினர் ஒருவர் வந்து முடிவு சொல்லட்டும் என்று ஆலய மலையில் ஓரிடத்தில் வைத்தார்கள். உளிபடாத கற்களால் புதுப் பீடம் கட்டி, கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் பலி செலுத்தி, எட்டு நாள் கொண்டாடினார்கள். ஏன் எட்டு? அந்த நூல் சொல்லவில்லை.

இரண்டாம் நூல் சொல்கிறது. இலையுதிர்காலத்துக் கூடாரப் பெருவிழாவின்போது போராளிகள் மலைகளிலும் குகைகளிலும் கிடந்தார்கள். எட்டாம் நாளோடு நிறைவுறும் அவ்விழா தவறிப்போனதால், அதன் முறைப்படியே குளிர்காலத்தில் இதைக் கொண்டாடினார்கள். அந்நூலின் முகப்பில் எகிப்து யூதர்களுக்கு எழுதப்பட்ட கடிதமும் இதைக் கிஸ்லேவ் மாதக் கூடார விழா என்றே குறிக்கிறது. (யூதத் திருமறையில் சேராத இவ்விரு நூல்களும் கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் உள்ளன.)

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் யொசேப்பு என்ற வரலாற்றாசிரியர் இதை விளக்குகளின் விழா என்கிறார். எதிர்பாராமல் கிடைத்த உரிமையால் அப்பெயர் வந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். எண்ணெய் அதிசயம் தெரிந்திருந்தால் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் ஹனுக்காவுக்குத் தனிப் பகுதியே கிடையாது. ஒரு நட்டஈட்டு வழக்கில் எட்டிப் பார்க்கிறது. ஒட்டகத்தின் ஆளிநார்ப் பொதி கடைவாசல் விளக்கில் பட்டுத் தீப்பற்றினால், விளக்கை வெளியே வைத்த கடைக்காரரே பொறுப்பு. அது ஹனுக்கா விளக்கானால் அவர்மேல் குற்றமில்லை என்கிறார் ரபி யூதா. வீதியைப் பார்த்து விளக்கு வைப்பது அதற்குள் ஊரறிந்த வழக்கமாகிவிட்டது.

தலைமைக் குருவின் முத்திரை கலையாத எண்ணெய்க் குப்பி, பிற்கால ரபிகளின் நூலான பாபிலோனியத் தால்முதில்தான் பரவலாக அறியப்பட்ட வடிவம் பெறுகிறது. அரியணையையும் குருபீடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட மக்கபேயர் வம்சத்தை வெறுத்த ரபிகள் போரை மறைக்கவே இக்கதையைப் புனைந்தார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ரபிகளின் மரபு காத்த ஹனுக்கா நன்றி மன்றாட்டு சிலர் பலரை வென்ற போரைத்தான் போற்றுகிறது. எண்ணெய் அதிசயத்தை அது சொல்லவே இல்லை. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் பீடத்தைப் புனிதப்படுத்திய நாளுக்குப் பீடமே இல்லை. மிஞ்சியது வீட்டு விளக்கு. அதை எட்டு நாள் ஏற்றுவதற்குக் காரணம் தேவைப்பட்டது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

பழைய காரணத்தின் தடயம் அதே தால்முத் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் எட்டு விளக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் பள்ளி. ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் பள்ளி. கூடார விழாவில் முதல் நாள் 13 காளைகள் பலியிட்டு, நாளுக்கொன்றாகக் குறைத்து ஏழாம் நாள் 7இல் நிறுத்துவார்கள். ஷம்மாயின் இறங்குவரிசை அதை ஒட்டியது என்று ஒரு விளக்கம் அங்கே பதிவாகியிருக்கிறது. நடைமுறையில் நிலைத்தது ஹில்லேலின் ஏறுவரிசைதான்.