ரெண்டு கிலோ ரேடியோவும் லிண்ட்பெர்க்கின் பிரம்பு நாற்காலியும்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஃப்ளையிங் கிளப்புக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு குட்டி விமானத்தில் பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தார்கள். புதுசு ரெண்டு கிலோ குறைவாம். "எடை குறைஞ்சா நல்லதுதானே சார்?" என்று கேட்டேன். என்ஜினியர் சிரித்துக்கொண்டே கணக்குத்தாளை நீட்டினார். எவ்வளவு குறைந்தது என்பது பாதிக் கணக்குதான். எந்த இடத்தில் குறைந்தது என்பது மீதி.

சின்ன வயசுல சீசா ஆடியிருப்பீங்க. குண்டுப் பையன் நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒல்லியான பொண்ணு நுனியில் உட்கார்ந்தே அவனைத் தூக்கிவிடும். விமானமும் அப்படித்தான். ஒவ்வொரு பொருளின் எடையையும் ஒரு குறித்த புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். அது ரொம்பப் பின்னால் போய்விட்டால் மூக்கு மேலே தூக்கும், பைலட்டால் இறக்க முடியாமலே போகலாம். அதனால்தான் எதை மாட்டினாலும் கழற்றினாலும் அந்தத் தாளைத் திருத்தி எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு பொல்லாதது என்று பார்க்க 1926-க்குப் போகணும். நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கோ, அங்கிருந்து இங்கேயோ எங்கும் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் ஆர்டெய்க் பரிசு காத்திருந்தது. முதல் உலகப்போரில் பேர் வாங்கிய பிரெஞ்சு விமானி ரெனே ஃபோங்க், மூன்று என்ஜின் சிகோர்ஸ்கி விமானத்தில் கிளம்பினார். எடை எக்கச்சக்கம். அதைத் தாங்கக் கூடுதல் சக்கரங்கள் வேறு பொருத்தினார்கள். செப்டம்பர் 21 அன்று ஓடுபாதையில் அந்தக் கூடுதல் சக்கரப் பகுதியே உடைந்தது. விமானம் எழும்பாமல் பாதை முடிவில் சரிந்து எரிந்தது. ஃபோங்க் தப்பினார், கூட இருந்த மூணு பேரில் ரெண்டு பேர் தப்பவில்லை.

அடுத்து அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த டேவிஸும் வூஸ்டரும். அவர்களுக்காகக் கட்டப்பட்ட விமானம், திட்டமிட்டதைவிட ஆயிரம் பவுண்டுக்கு மேல் கூடுதலாக வந்து நின்றது. 1927 ஏப்ரல் 26, வர்ஜீனியா. கிட்டத்தட்ட முழு எடையோடு சோதனை. போதிய உயரம் ஏற முடியாமல் சதுப்பு நிலத்தில் விழுந்து இருவரும் இறந்தார்கள்.

அப்போது சான் டியேகோவில் 25 வயது தபால் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கும், டொனால்ட் ஹால் என்ற என்ஜினியரும் வேறொரு விமானத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். ரயன் கம்பெனியின் தபால் விமான மாடல்தான் அடிப்படை. பெட்ரோல் சுமையைத் தூக்க இறக்கையைப் பத்து அடி நீட்டினார்கள். அதற்காக வாலைப் பின்னால் தள்ளணும். வால் பின்னால் போனதால் என்ஜினை முன்னால் நகர்த்தணும். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு ஆடும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்ரோல் டேங்க் விஷயம். கிளம்பும்போது மொத்த எடையில் பாதிக்கு மேல் பெட்ரோல். போகப்போக அது எரிந்து தீரும். டேங்க் ஓர் ஓரத்தில் இருந்தால் நடுக்கடலில் சமநிலை கெடும். அதனால் பெரிய டேங்கை ஈர்ப்பு மையத்தை ஒட்டி, இறக்கைக்கு நேர் கீழே வைத்து, பைலட்டைப் பின்னால் தள்ளினார்கள். விளைவு, முன்னால் கண்ணாடியே கிடையாது! எட்டிப் பார்க்க ஒரு பெரிஸ்கோப். ரேடியோ இல்லை, பாராசூட் இல்லை, சீட் கூட பிரம்பு நாற்காலி. மேப்பின் தேவையில்லாத ஓரங்களைக்கூட வெட்டிப்போட்டார் மனுஷன். சாப்பிட அஞ்சு சாண்ட்விச்.

1927 மே 20 காலை 7:52-க்குக் கிளம்பி, ஓடுபாதை முடிவிலிருந்த டெலிபோன் கம்பிகளை மயிரிழையில் தாண்டினார். முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் பாரிஸ்.

ஆனா ஒரு குறை இருந்துச்சு. இறக்கையை நீட்டியவர்கள், நேரம் இல்லாததால் வாலைப் பெரிசாக்கவில்லை. கொஞ்சம் அசந்தாலும் விமானம் தடம் மாறும். தூக்கம் கண்ணைச் சுழற்றிய அந்த ராத்திரியில், லிண்ட்பெர்க்கைத் திரும்பத் திரும்ப உலுக்கி எழுப்பியது அந்தத் தள்ளாட்டம்தான்.