உறையில் வந்த உறுதி

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பள்ளி இறுதியாண்டைத் தொடங்கியிருந்த மாணவர்கள் சிலர் வீட்டுக்குப் பெரிய தபால் உறை ஒன்று வந்தது. மஞ்சளும் நீலமுமாக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிறங்களில். உள்ளே பல்கலைக்கழகத் தலைவரின் கடிதம்: விண்ணப்பியுங்கள், இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் முழுவதும் இலவசம். இச்சலுகைக்காக வருமானப் படிவம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. கூடவே விண்ணப்பக் கட்டண விலக்குச் சீட்டு. பெற்றோருக்குத் தனியாக ஒரு கடிதம்.

உறை, நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கானது. அவர்கள் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு பெறுவோர் யார் என்பது மாநிலப் பதிவேட்டில் இருந்தது, மதிப்பெண்களும் இருந்தன.

உண்மையில் இது ஒரு சோதனை. அதைப் பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கியும் குழுவினரும் நடத்தினர். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு மட்டும் உறை அனுப்பினர். இரு பகுதியிலும் சேர்த்து ஏறத்தாழ 4,000 மாணவர்கள். உறை வராதவர்களில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோர் 26 விழுக்காடு, வந்தவர்களில் 68. சேர்ந்தோர் முறையே 12, 27.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சராசரியாகப் பார்த்தால் அந்த உறை கூடுதல் பணம் எதையும் தரவில்லை. உறை வராத மாணவரும் இடம் பிடித்து, படிவங்களை நிரப்பியிருந்தால் ஏறக்குறைய இதே உதவியைப் பெற்றிருப்பார். ஆனால் அது உறுதியாவது விண்ணப்பம், சேர்க்கை, படிவம் எல்லாம் தாண்டிய பிறகுதான்.

ஏழை மாணவர்கள் பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்காததற்கு அறியாமையே காரணம் என்பது நெடுநாளைய விளக்கம். அதைப் போக்கப் பொருளியலாளர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் மாணவர் ஒருவருக்கு ஆறு டாலர் செலவில் தகவல் கட்டு அனுப்பிப் பார்த்தனர். முதல் முடிவுகள் நம்பிக்கையூட்டின. மலிவான மருந்து என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டு அதே வழியில் 7,85,000 மாணவர்களிடம் முயன்றபோது, அவர்கள் சேர்ந்த கல்லூரிகளில் சொல்லத்தக்க மாற்றமில்லை.

அறியாமை என்ற சொல்லையே இங்கே கைவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் அறிவிக்கும் கட்டணம் ஒன்று, குடும்பம் உண்மையில் கட்டுவது வேறொன்று. ஜவுளிக்கடை வாசலிலேயே விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறவரிடம், உள்ளே வந்தால் தள்ளுபடி இருக்கலாம் என்று சொல்வதில் பயனில்லை. எவ்வளவு தள்ளுபடி என்றல்லவா அவர் கேட்கிறார்? அகலக் கால் வைத்துப் பட்ட கடன்களை நினைவில் வைத்திருக்கும் வீட்டில் ‘இருக்கலாம்’ என்பதற்கு மதிப்பில்லை. இது விவரமில்லாமை அல்ல, விவரம்.

பளபளப்பான உறையும் தலைவரின் வரவேற்பும்தான் பலித்தன, உறுதிமொழி அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான ஐயம். அதே குழு பின்னர் செய்த சோதனை அதற்கு விடை சொல்கிறது. ஒரு பகுதியினருக்கு நிபந்தனையற்ற இலவசம். இன்னொரு பகுதியினருக்கு, வறுமையை நிரூபித்தால் இலவசம். இரண்டாம் வகை, விண்ணப்பங்களை மிகக் குறைவாகவே கூட்டியது. சேர்க்கையில் மாற்றமே இல்லை. நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் குறுக்கே நின்றது.

ஆனாலும் உறை வந்தவர்களில் நால்வரில் ஏறத்தாழ மூவர் அங்கே சேரவில்லை. போட்டி, தூரம், வீட்டுச் சூழல் ஆகியவற்றை ஒரு கடிதம் நீக்கிவிடாது. இது ஒரு மாநிலத்தில், ஒரே பல்கலைக்கழகத்தில் கிடைத்த முடிவு என்பதும் உண்மை. ஆயினும், வாக்குறுதி எப்போது தரப்படுகிறது என்பது அதன் தொகைக்கு இணையாக முக்கியம் என்பதை மிச்சிகன் காட்டிவிட்டது.

தமிழ்நாடும் இதை அறியும். 2020 நவம்பரில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் முதல் மருத்துவக் கலந்தாய்வு நடந்தது. தனியார் கல்லூரி இடங்கள் கைக்கு எட்டியும், கட்டணத்துக்கு அஞ்சிச் சிலர் வேண்டாமென்று திரும்பினர். கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.