சம்பளம் பேசி வந்தவர்களும் பேசாமல் வந்தவர்களும்



பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், கடற்கரைத் தெருவில் தொடங்கிப் பினாங்கு சாலை வரையில் செல்லும் நீண்ட தெரு ஒன்று உண்டு. அதுதான் சூலியா தெரு. தீபாவளிக்குத் துணிமணி எடுக்கவும், தாலிக்குப் பொன் வாங்கவும், தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கவும் அக்கரைத் தோட்டங்களிலிருந்து படகேறி வந்த நம் குடும்பங்களுக்கு இந்தத் தெருவும் இதன் சுற்றுப்புறமும் புதியவை அல்ல. இன்று அங்கே வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதிகள் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் கிங் தெரு முனையில் உள்ள நாகூர் தர்கா, சற்றுத் தள்ளி 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் தெருவில் உள்ள மாரியம்மன் கோவில் ஆகியவை பழைய கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கதையில் ஒரு பகுதியை இன்று நாம் பார்க்கலாம். கடல் கடந்து பிழைக்க வந்த தமிழர்கள், வருவதற்கு முன் தங்கள் சம்பளத்தை யாரிடம், எப்படிப் பேசினார்கள்? மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? குடும்பத்தோடு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நம் பிள்ளைகள் பலர் இன்று வேறு நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும் வேளையில், இந்தக் கேள்விகள் பழங்கதையாகிவிடவில்லை.

சூலியா என்பது, சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை இப்பகுதியில் அழைத்த பெயர். சோழர் என்ற சொல்லிலிருந்தே இது பிறந்தது என்பார்கள். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மரக்கலங்கள் இங்கே வந்து சேர்ந்தன. 1794-இல் லைட் எழுதிய அறிக்கையில், சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே தங்கியிருப்பதாகவும், அவர்களில் சிலர் குடும்பத்துடன் இருப்பதாகவும் குறிப்பிட்டார். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரத்திலும் கூலி வேலையிலும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள் என்றும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.

ஆக, குடும்பம் ஊரில், சம்பாத்தியம் பினாங்கில் என்ற ஏற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. இங்கேயே தங்கிவிட்ட சூலியா ஆண்கள் பலர் மலாய்ப் பெண்களை மணந்து, ஜாவி பெரானக்கான் என்னும் புதிய சமூகத்துக்கே வேர் ஆனார்கள்.

சூலியா தெருவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கட்டடம், வரிசையாகக் கணக்குப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு கடை என்று வட்டித் தொழில் நடந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் பணத்தை இங்கே கையாளுபவர் ஏஜெண்டு எனப்படும் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன்.

இந்த ஏஜெண்டு எப்படிப் புறப்பட்டு வந்தார் என்பது கவனிக்கத்தக்கது. கப்பலேறுவதற்கு முன், ஊரிலேயே சம்பளச் சீட்டு எழுதப்படும். வழக்கமான தவணை மூன்று ஆண்டுகள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் இவ்வளவு என்று முடிவாகும். அதில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும். வீட்டில் உள்ளவர்கள் அதைக்கொண்டு காலம் தள்ளலாம், வட்டிக்கும் விடலாம். தங்குமிடமும் சாப்பாடும் கிட்டங்கியைச் சேர்ந்தவை. தவணை முடிந்து கணக்கை ஒப்படைக்கும்போது, இலாபம் நன்றாக இருந்தால் அதிலும் ஒரு பங்கு உண்டு. பிறகு ஊர் திரும்பி மனைவி மக்களோடு சில காலம் இருந்துவிட்டு, விருப்பமானால் மறுபடியும் சீட்டு எழுதலாம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. மூன்று ஆண்டுகள் தகப்பன் முகம் பார்க்காமல் பிள்ளைகள் வளர்ந்தன. பெண்கள் தனியே வீட்டைச் சுமந்தார்கள். ஆயினும் சம்பளம் என்ன, முன்பணம் என்ன, எப்போது திரும்புவது என்ற மூன்றும் புறப்படும் முன்பே எழுத்தில் இருந்தன. காரணம் எளிது. கடலுக்கு அப்பால் தன் பணப்பெட்டியைத் திறக்கப் போகிறவனை முதலாளி மனக்குறையோடு அனுப்ப மாட்டார். அவன் இடத்தில் இன்னொருவனை எளிதில் வைக்கவும் முடியாது. அந்த நம்பிக்கைதான் ஏஜெண்டின் கையில் இருந்த பேரம் பேசும் பலம்.

இனி, அக்கரைக்குச் செல்வோம். பினாங்குக்கு எதிரே இருக்கும் செபராங் பிறைக்கு அன்று வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பத்து காவான், கலிடோனியா போன்ற பெரிய கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். நம் பெரியவர்கள் இவர்களைச் சஞ்சிக்கூலி என்று அழைத்தார்கள். வாக்குறுதி என்று பொருள்படும் ஜஞ்சி என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் சஞ்சி ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், சஞ்சிக்கும் பெரும்பாலும் தவணை மூன்று ஆண்டுகள்தான். அதுவும் எழுத்தில்தான் இருந்தது. ஆனால் செட்டியார் கடை ஏஜெண்டு தானே படித்துப் பார்த்துத் தானே பேசி முடித்த சீட்டு அவருடையது. சஞ்சிக்கூலியோ, பிறர் எழுதி வைத்திருந்த தாளில் கைநாட்டு வைத்தார். கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர் பேரில் கடனாக ஏறின. அவற்றை அவர் கூலியிலேயே பிடித்துக்கொண்டார்கள். வேலை பிடிக்கவில்லை என்று நடுவில் போய்விட்டால் சிறை. ஏஜெண்டுக்கு முன்பணம் வீட்டுச் செலவுக்குக் கிடைத்த வரவு; சஞ்சிக்கூலிக்கு அதே முன்பணம் காலில் மாட்டிய விலங்கு.

கரும்பு போய் ரப்பர் வந்த காலத்தில் கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணியே உரிமம் பெற்றுத் தன் ஊருக்குப் போவார். பட்டு உருமாலும் கைக்கடிகாரமுமாக அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், சுற்றிலும் கூட்டம் கூடும். மழை பொய்த்த வருடம், பண்ணையாரிடம் பட்ட கடன், சாதிக் கொடுமை ஆகியவை எல்லாம் சேர்ந்து மக்களைக் கப்பலை நோக்கித் தள்ளின. தெரிந்த மனிதர், உறவு முறைக்காரர் அழைக்கிறார் என்பதால், சஞ்சிக் காலத்தைவிட அதிகமாகப் பெண்களும் பிள்ளைகளும் புறப்பட்டார்கள். மலாயாவில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சம்பளத்தைப் பற்றி அந்தத் திண்ணையில் பேசியது யார்? கங்காணி சொன்னார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் தாம் சேர்த்த ஒவ்வொருவரும் வேலைக்கு வரும் நாளுக்கெல்லாம் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு என்பதை அவர் சொல்லியிருக்க நியாயமில்லை. ‘அரிசி என்ன விலை? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்? திரும்பி வரக் கப்பல் காசு யார் கொடுப்பார்?’ என்று கேட்க வேண்டும் என்பதே நம் மூதாதையருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவர்கள் குற்றமன்று. துரைக்கு வேண்டியது கைகள்தாம். ஒரு ஜோடிக் கை போனால் அடுத்த கப்பலில் இன்னொரு ஜோடி வரும். இப்படிப்பட்ட நிலையில் தனி ஆள் எதைப் பேசி வெல்ல முடியும்?

மெல்ல மெல்லச் சட்டங்கள் வந்தன. 1907-இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைந்தது. தோட்ட முதலாளிகளிடம் கட்டணம் வசூலித்து, அந்த நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவைக் கொடுத்தார்கள். 1910-இல் சஞ்சி முறையில் ஆள் எடுப்பது நின்றது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு விலகலாம் என்ற உரிமை நிலைபெற்றது. இந்தியாவில் 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பிள்ளைகளின் படிப்பும் இவ்வாறு சம்பளத்தோடு சேர்த்துப் பேச வேண்டிய பொருளாயிற்று.

அப்போதுதான் பெரிய கேள்வி எழுந்தது: தோட்டக் கூலி என்பது எத்தனை வயிற்றுக்கு? தொழிலாளி சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகும் தனி ஆள், அவனுக்கு இது போதும் என்பது முதலாளிகளின் கணக்கு. லயத்தில் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கின்றன, நாளைக்கு முதுமை இருக்கிறது, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்தே கூலி வேண்டும் என்பது தொழிலாளர் பக்கத்து வாதம்.

நீண்ட விவாதத்துக்குப் பின், 1920-களின் பிற்பாதியில் சில வட்டாரங்களுக்கு நிலையான கூலி குறிக்கப்பட்டது. வெல்லெஸ்லி மாகாணம் போன்ற இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வழி கடினமான பகாங் உட்பகுதியில் 58 காசும் 46 காசும். கணவனும் மனைவியும் மாதம் 24 நாள் வேலை செய்தால், முதற்கணக்கில் 21 வெள்ளி 60 காசு வரும். ஒரே மரத்தில் ஒரே கத்தியால் பால் வெட்டினாலும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு என்பதை இங்கே நாம் மறக்கலாகாது. மனைவியும் பிரட்டுக்குப் போனால்தான் குடும்பம் நடக்கும் என்பதும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருந்தது.

இந்தக் கூலியும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், 1930-இல் அது 40 காசுக்கும் 32 காசுக்கும் இறங்கியது. பின்னர் இன்னும் கீழே போயிற்று. அதே தம்பதிக்கு 24 நாளைக்கு 17 வெள்ளி 28 காசு. வேலையே இல்லாமல் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பும் செலவைப் பெரும்பாலும் நிதி ஏற்றது. ஆனால் இங்கே பிறந்து, ஊரையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அது திரும்புதல் ஆகுமா?

1936-ஆம் ஆண்டு இறுதியில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். பழைய 50, 40 காசுக் கூலியை மீண்டும் தர வேண்டும் என்று அவருடைய அறிக்கை பரிந்துரைத்தது. 1937-இல் அது கிடைத்தது. மறு ஆண்டே கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, 1938 ஜூன் மாதத்தில், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த கப்பல் வராது என்றானதும், இங்கே இருக்கும் கைகளுக்கு மதிப்பு வந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் எழுந்தது. ஆர். எச். நாதன் அதில் முன் நின்றார். தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு ஆகியவையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும், குடும்பத்தின் மானமும் சம்பளப் பேச்சில் ஒரு பகுதி என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிட்டது.

போருக்குப் பின் 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954-இல் பி. பி. நாராயணன் முதலியோரின் முயற்சியால் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகி, முதலாளிகளின் அமைப்போடு மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசத் தொடங்கியது. செட்டியார் கடை ஏஜெண்டுக்குத் தனி ஆளாகக் கிடைத்த பேரம் பேசும் பலம், நமக்குக் கூட்டமாகச் சேர்ந்த பிறகே கிடைத்தது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் அது மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று.

நேயர்களே, இன்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குப் போகிறார்கள். பட்டு உருமால் கட்டிய கங்காணி இன்று வருவதில்லை. வெள்ளைச் சட்டை போட்ட இடைத்தரகர் வருகிறார். கைபேசியில் செய்தி வருகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் மாறவில்லை.

முதலாவது, இந்தச் சம்பளம் எத்தனை பேருக்கு? சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே சாதாரண வேலை அனுமதியில் போகிறவர் மனைவி மக்களை உடன் அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. உயர்நிலை அனுமதி பெற்றவருக்கும், குடும்பத்தை அழைக்க மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது சம்பளம் வேண்டும் என்பது விதி. அழைத்துப் போனாலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இரண்டாவது, போகும் செலவும் திரும்பும் செலவும் யாருடையவை? சம்பளத்தில் பிடித்துக்கொள்வதானால் எவ்வளவு, எத்தனை மாதம்? மூன்றாவது, நோய்க்கும் முதுமைக்கும் என்ன ஏற்பாடு? சிங்கப்பூரின் சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அங்கே வேலை செய்யும் நம்மவர், இங்குள்ள ஊழியர் சேமநிதியில் தாமாகவே பணம் போட்டு வந்தால்தான் உண்டு. நான்காவது, இவை அனைத்தும் எழுத்தில் இருக்கின்றனவா? அந்தத் தாளைப் புரிந்துகொண்டோமா? புரியாவிட்டால், படித்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

கணவன் மட்டும் தனியே பேசி முடிக்கும் காரியமும் அன்று இது. ஊரில் இருந்து வீட்டைச் சுமக்கப் போகிறவளும், உடன் போய் அந்நிய மண்ணில் அடுப்பு மூட்டப் போகிறவளும் அவளே ஆகையால், மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை சூலியா தெருவில் நடக்கும்போது, பினாங்குத் தெரு முனையில் சற்று நிற்போம். அங்கே சம்பளச் சீட்டோடு வந்து இறங்கியவர்களையும், அதே துறைமுகத்தில் வெறுங்கையோடு இறங்கி அக்கரைக்குப் போன நம் பாட்டன் பாட்டியையும் நினைத்துக்கொள்வோம். அவர்கள் கேட்க முடியாமல் போன கேள்விகளை நம் பிள்ளைகள் கேட்டுவிட்டுப் புறப்படட்டும்.