மறைக்கப்பட்ட சாட்சியம்: போதகர் ஜேம்ஸ் ரீபின் கொலை

சாட்சியத்தை மறைப்பதை உள்ளத்தின் பாவமாகவே காண்கிறது திருக்குர்ஆன். 'அல்பகரா' அத்தியாயத்தின் 283ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலையொட்டி இதனை உரைக்கிறது. ஓர் உயிர் பறிக்கப்பட்டபோது ஊரே சாட்சியத்தை மறைத்தால் என்ன நேரும்? அமெரிக்க வரலாற்றிலிருந்து ஒரு வழக்கை இங்கு நோக்குவோம்.

1965ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள். அலபாமா மாநிலத்தின் மேரியன் என்னும் சிற்றூரில், வாக்குரிமை கோரிய கறுப்பின இளைஞர் ஜிம்மி லீ ஜாக்சனை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். எட்டாம் நாள் அவர் உயிர் துறந்தார். அதனைக் கண்டித்தும் வாக்குரிமை வேண்டியும், மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் செல்மா நகரிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டனர். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் தடியடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களை எதிர்கொண்டன. எல்லாச் சமயத் தலைவர்களும் செல்மாவுக்கு வருக என மார்ட்டின் லூதர் கிங் அழைப்பு விடுத்தார்.

அவ்வழைப்பை ஏற்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ரீப். வயது 38, நான்கு குழந்தைகளின் தந்தை, வெள்ளையர். மூவொருமைக் கோட்பாட்டை மறுத்துத் தோன்றிய யூனிட்டேரியன் மரபின் போதகர். பாஸ்டன் நகரில் ஏழைகளின் குடியிருப்பு உரிமைக்காகப் பணியாற்றி வந்தார். மார்ச் 9 மாலை, கறுப்பினத்தவர் நடத்திய உணவகம் ஒன்றில் உண்டுவிட்டு, சக போதகர் இருவருடன் அவர் நடந்து வந்தபோது வெள்ளையர் சிலர் தாக்கினர். தடியின் அடி ரீபின் தலையில் விழுந்தது. பர்மிங்காம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் ஊர்தியின் சக்கரம் பழுதுற்றுக் காலமும் கடந்தது. மார்ச் 11 அன்று அவர் இறந்தார்.

நாடு கலங்கியது. குடியரசுத் தலைவர் ஜான்சன், மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இக்கொலையைச் சுட்டினார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆயினும் ஜாக்சன் இறந்தபோது நாடு இவ்வாறு கலங்கவில்லை என்பதைக் கறுப்பின மக்கள் மறக்கவில்லை. அவரைச் சுட்ட காவலர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2010இல்தான். பெற்ற தண்டனை ஆறு மாதச் சிறை.

ரீபின் வழக்கோ 1965 டிசம்பரிலேயே முடிந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட மூவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் விடுவித்தது. இயக்கத்தினருக்கு ஒரு தியாகி தேவைப்பட்டதால் அவர்களே ரீபை இறக்க விட்டனர் என்ற கதையும் செல்மாவில் பரவியது. பிற்காலத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை மீண்டும் ஆராய்ந்து, 2011இல் முடித்து வைத்தது. 2019இல் அமெரிக்க தேசிய வானொலி வெளியிட்ட புலனாய்வுத் தொடரிலேயே மௌனம் கலைந்தது. தாக்குதலைக் கண்ணால் கண்ட பெண்மணி ஒருவர், அக்காலத்தில் தாம் பொய்யுரைத்ததை ஒப்புக்கொண்டார். வழக்கையே எதிர்கொள்ளாத இன்னொருவர், தாமும் தாக்கியவர்களுள் இருந்ததை ஒப்புக்கொண்டு விரைவிலேயே இறந்தார். உண்மை வெளிப்பட்டது, நீதி கிட்டவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 4 அன்று செல்மாவில் உரையாற்றியவர் மால்கம் எக்ஸ் என்னும் மாலிக் அல்ஷாபாஸ். பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் அவரும் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுள் இருவர் தலைக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழித்தனர். அவர்கள் மீதான தீர்ப்பு பிழையென 2021 நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் ஒருவர் இறந்துவிட்டார். அவர்களுக்குச் சாதகமான ஆதாரங்களைப் புலனாய்வுத் துறையும் நியூயார்க் காவல்துறையும் மறைத்திருந்தமை தெரியவந்தது.

ஓரிடத்தில் ஊர் மறைத்தது, குற்றவாளிகள் தப்பினர். மற்றோரிடத்தில் அரசு மறைத்தது, குற்றமற்றோர் சிறைப்பட்டனர். செல்மாவின் வெள்ளையர் அனைவரும் கொலைகாரர் அல்லர். அண்டை வீட்டாரையும் உற்றாரையும் காட்டிக்கொடுக்க மனம் வராதவர்களே அவர்களுள் பலர். தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு 'அந்நிஸா' அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிப்பது இத்தகைய மனநிலையை எதிர்நோக்கியே எனக் கருதுகிறோம். பகைவனின் குற்றத்தை உரைத்தல் எளிது. நம்மவரின் குற்றத்தைக் கண்டபோது நாம் வாய் திறப்போமா என்பதையே செல்மா நம்மிடம் வினவுகிறது.